ஜெனரேட்டரே தண்ணில முங்கிட்டா அணு உலைல என்ன பண்ணுவாங்க?

மணிமுத்தாத்துக்கரை:

வணக்கமுங்க. கேள்வி கொஞ்சம் பெருசு, எங்க வீட்டுல நடந்ததுல இருந்து ஆரம்பிச்சாத்தான் ஏன் கேக்கறேன்னு புரியும், அதனால பொறுமையா படிங்க.

நாங்க சேலம் அம்மாபேட்டை பக்கம், திருமணிமுத்தாத்துல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கோம். 2024 டிசம்பர் ஆரம்பத்துல பெஞ்சல் புயல் மழை ஏற்காட்டு மலைல கொட்டுச்சு இல்லீங்களா, அந்தத் தண்ணி மொத்தமும் ஆத்துல எறங்கி ராத்திரியோட ராத்திரியா எங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு. பதினோரு மணி வாக்குல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆச்சு, அப்பாடான்னு இருந்தோம். கால் மணி நேரம் கூட ஓடலைங்க, நின்னுடுச்சு. வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து சொன்னாரு, கீழ பார்க்கிங்ல முட்டிக்கு மேல தண்ணி, ஜெனரேட்டர் பேனல் பாதி முங்கிக் கெடக்குதுன்னு. எங்கப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை, ஆக்ஸிஜன் மெஷின் இல்லாம படுக்க முடியாது. வீட்டு இன்வெர்ட்டர்ல ரெண்டு மணி நேரம் ஓட்டுனோம், அது பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சதும் எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. கடைசில மூணாவது மாடிக்காரங்க வீட்டுல கொரோனா சமயத்துல வாங்கி வச்சிருந்த சின்ன சிலிண்டர் ஒண்ணு கெடைச்சு, விடியற வரைக்கும் அத வச்சு ஓட்டிட்டோம். அப்பா இப்ப நல்லா இருக்காரு.

என் தம்பி கல்பாக்கத்துல காண்ட்ராக்ட்ல வெல்டிங் வேலை பாக்கறான். அன்னைக்கு ராத்திரி போன்ல அழுதுட்டே பேசுனப்ப அவன் சொன்னான், அக்கா எங்க பிளாண்ட்லயும் கரண்ட் போனா ஜெனரேட்டர்தான், அதை வச்சுத்தான் உலைய குளுமையா வச்சிருப்பாங்கன்னு. அதுல இருந்து எனக்கு மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. அங்க கடல் பக்கத்துலயே இருக்கு. எங்க வீட்டுக்கு நடந்த மாதிரி அங்க நடந்தா? உலைய ஆஃப் பண்ணிட்டா போதாதா, அப்பறமும் எதுக்கு கரண்ட் வேணும்? தெரிஞ்சவங்க நிதானமா சொல்லுங்க, பயமுறுத்தவும் வேணாம், ஒண்ணும் ஆகாதுன்னு தட்டிக் கொடுக்கவும் வேணாம்.

—

மேட்டூர்_ஓய்வு:

அம்மா, உங்கப்பா நல்லா இருக்காருன்னு படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. நான் மேட்டூர் அனல்மின் நிலையத்துல எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். அணு உலைல வேலை பாத்ததில்ல, ஆனா இந்த விஷயத்த ரொம்ப வருஷமா படிச்சுட்டு வர்றேன்.

மொதல்ல ஆஃப் பண்ணிட்டா போதாதான்னு கேட்டீங்க, அதுதான் ஆணிவேரான கேள்வி. எங்க பாய்லர்ல நிலக்கரிய நிறுத்துனா நெருப்பு அடங்கிடும், மிச்ச சூடு தானா தணிஞ்சுடும். அணு எரிபொருள் அப்படி இல்ல. நீங்க கிராமத்துல ஈரமான வைக்கப்போரப் பாத்திருப்பீங்க, நெருப்பே இல்லாம உள்ளுக்குள்ள சூடேறும், கைய விட்டா சுடும். அந்த மாதிரி, உலைல அணு பிளக்கறது நின்னப்பறமும் அந்தப் பிளவுல உண்டான பொருளெல்லாம் சிதைஞ்சு சிதைஞ்சு சூட்ட விட்டுட்டே இருக்கும். ஆஃப் பண்ண அந்த நிமிஷத்துல முழு வெப்பத்துல சுமார் 7 சதவீதம், ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணரை சதவீதம், ஒரு நாள் கழிச்சும் அரை சதவீதம். அரை சதவீதம்னா கம்மின்னு நெனைக்காதீங்க, கூடங்குளம் மாதிரி 1000 மெகாவாட் மின்சாரம் எடுக்கற உலைல உண்டாகற வெப்பம் சுமார் 3000 மெகாவாட், அதுல அரை சதவீதம் 15 மெகாவாட், ஒரு கிலோவாட் அயர்ன் பாக்ஸ் பதினஞ்சாயிரத்த ஒரே அறைல போட்டுவிட்ட மாதிரி. அந்தச் சூட்ட விடாம வெளிய கொண்டுபோகணும், பல நாளைக்கு. அதுக்குத்தான் பம்பு, பம்புக்குத்தான் கரண்ட்.

நம்ம நாட்டு அணுமின் நிலையத்துல கரண்ட்ட நாலு கிளாஸா பிரிச்சு வச்சிருப்பாங்க. கிளாஸ் 4ங்கறது வெளி கிரிட்ல இருந்து வர்றது. அது போனா கிளாஸ் 3, டீசல் ஜெனரேட்டர். கிளாஸ் 2 இன்வெர்ட்டர் வழியா வர்ற ஏசி, கிளாஸ் 1 நேரடியா பேட்டரில இருந்து வர்ற டிசி. பேட்டரி பெரிய பம்பு ஓட்டறதுக்கு இல்ல, மீட்டர் பாக்கறதுக்கு, வால்வு திறக்கறதுக்கு, பிரேக்கர் போடறதுக்கு. உங்க வீட்டு கதைலயும் இதேதான் நடந்திருக்கு பாருங்க, மின்வாரியம், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், கடைசில கரண்டே தேவைப்படாத சிலிண்டர். உங்கப்பாவ காப்பாத்துனது அந்த கடைசி சிலிண்டர்தான், அத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரேன்.

ஜப்பான்ல புகுஷிமா அணுமின் நிலையத்துல 2011 மார்ச் 11, மதியம் 2.46க்கு நிலநடுக்கம். ஓடிட்டு இருந்த மூணு உலையும் ஒழுங்கா நின்னுச்சு. வெளிக் கரண்ட் போச்சு, டீசல் எல்லாம் ஸ்டார்ட் ஆச்சு. அதுவரைக்கும் எல்லாம் புத்தகத்துல எழுதுன மாதிரி. முக்கால் மணி நேரம் கழிச்சு 14, 15 மீட்டர் உயரத்துக்கு தண்ணி வந்துச்சு. அவங்க கணக்கு போட்டு வச்சிருந்த சுனாமி 5.7 மீட்டர். உலைக்கட்டடம் நின்ன தரை 10 மீட்டர். ஜெனரேட்டர் நெறைய டர்பைன் கட்டடத்தோட அடித்தளத்துல. ஸ்விட்ச் போர்டும் அங்கயே கீழ. பேட்டரியும் பல எடத்துல முங்கிடுச்சு. கண்ட்ரோல் ரூம்ல ஒரு முள்ளு கூட அசையல, உலைக்குள்ள தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுக்கு ஆளுங்க வெளிய நின்ன கார்ல இருந்து பேட்டரிய கழட்டி எடுத்துட்டு வந்து வரிசையா கோர்த்தாங்க. அதப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல. எங்க பிளாண்ட்லயும் கரண்ட் போனா டர்பைன் பேரிங்குக்கு எண்ணெய் விட பேட்டரில ஓடற டிசி ஆயில் பம்பு இருக்கும், அதோட பேட்டரி ரூம்ப நான்தான் வாராவாரம் பாத்துட்டு இருந்தேன்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். அதே வளாகத்துல 6வது யூனிட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் மட்டும் தப்பிச்சுது. அது காத்துல குளிர்ற வகை, கடல்தண்ணி பம்பு அதுக்கு வேணாம், வச்சிருந்த எடமும் உயரம். அந்த ஒத்த ஜெனரேட்டர்தான் 5வது, 6வது ரெண்டு உலையையும் காப்பாத்துச்சு. டஜன் ஜெனரேட்டர் இருந்தும் ஒண்ணுதான் கை கொடுத்துச்சு. எத்தனை வச்சிருக்கோம்ங்கறதுல இல்லம்மா, எல்லாத்தையும் ஒரே தண்ணி ஒரே நேரத்துல புடிக்குமாங்கறதுதான் கேள்வி.

—

டீசல்கை:

அக்கா, நான் செவ்வாப்பேட்டைல ஜென்செட் சர்வீஸ் பண்றேன். சார் சொன்ன கடைசி வரி இருக்கே, அத நான் மாசத்துக்கு ஒருக்கா நேர்ல பாக்கறேன். நெறைய எடத்துல ஜெனரேட்டர மேடை கட்டி தூக்கி வச்சிருப்பாங்க, ஆனா ஏஎம்எஃப் பேனல், அதாவது கரண்ட் போனா ஜெனரேட்டர தானா ஸ்டார்ட் பண்ணி மாத்தி விடற பெட்டி, தரைல இருந்து ஒரு அடில தொங்கும், கேபிள் வர்ற ட்ரெஞ்சு வழியா தண்ணி நேரா பேனலுக்குள்ள போகும். இன்ஜின் நல்லாத்தான் ஓடும், கரண்ட்தான் வீட்டுக்கு போகாது. உங்க வீட்டுலயும் இன்ஜின் கெட்டிருக்காது, பேனல்தான் போயிருக்கும்.

ஜப்பான்லயும் அதேதான் நடந்துச்சுன்னு படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. ரெண்டாவது யூனிட்டுக்கு கரண்ட் குடுக்க ஜெனரேட்டர் லாரி கொண்டுவந்து, கனமான கேபிள கையால இழுத்து, முங்காம தப்பிச்ச ஒரு போர்டுல கொண்டுபோய் சேத்தாங்க. மார்ச் 12 மதியம் மூணரை மணி வாக்குல வேலை முடிஞ்சுது. சில நிமிஷத்துல பக்கத்து 1வது யூனிட் ஹைட்ரஜன் வெடிப்பு, கேபிள் சேதம். கேபிள் இழுத்தவங்க கைய நெனச்சுப் பாருங்க அக்கா. நான் ஒரு முப்பது மீட்டர் கேபிள மாடிக்கு ஏத்துனாலே ரெண்டு நாள் தோள்பட்டை வலிக்கும்.

அதே கடற்கரைல தோக்காய்னு இன்னொரு நிலையம். அங்க முன்கூட்டியே கடல்தண்ணி பம்பு இருக்கற குழிய சுத்தி சுவர 6.1 மீட்டருக்கு ஏத்திட்டு இருந்தாங்க, ஒரு பக்கம் ஓட்டை அடைக்கற வேலை முடியல. அந்தப் பக்கம் தண்ணி பூந்து ஒரு பம்பு போச்சு, அந்த பம்ப நம்பி இருந்த ஜெனரேட்டரும் போச்சு. மூணுல ரெண்டு தப்பிச்சுது, உலை தப்பிச்சுது. இதுல என்ன தெரியுதுன்னா ஜெனரேட்டர் முங்கவே வேணாம், அத குளுமைப்படுத்தற பம்பு முங்குனாலே போதும்.

இன்னொண்ணு, நம்ம நாட்டு கதை, நரோரா அணுமின் நிலையம், உத்தரப்பிரதேசம், 1993 மார்ச் 31. அது வெள்ளம் இல்ல, டர்பைன் பிளேடு ஒடஞ்சு தீ. ஜெனரேட்டர் இல்லாம இல்ல, கேபிள் எல்லாம் ஒரே வழில போயிருந்ததால மொத்தமா எரிஞ்சு 17 மணி நேரம் கரண்டே இல்ல. ஆளுங்க டார்ச்சு புடிச்சுட்டு இருட்டுல மேல ஏறிப்போய் கையால வால்வு திறந்து, அணுப் பிளவ அடக்கற போரான உலைக்குள்ள விட்டாங்க, தீயணைப்புக்குன்னு இருந்த டீசல் பம்ப வச்சு பாய்லருக்கு தண்ணி ஏத்துனாங்க. உலைக்குள்ள தண்ணி சூட்டுல தானா மேல கீழ சுத்துச்சு. அப்படித்தான் காப்பாத்துனாங்க. தண்ணியோ தீயோ, எல்லா கேபிளையும் ஒரே குழில போட்டா கதை ஒண்ணுதான்.

அக்கா, உங்க அபார்ட்மெண்ட்டுக்கு ஒரு வேண்டுகோள். முங்குன ஜெனரேட்டர தண்ணி வடிஞ்சதும் யாரும் செல்ஃப் அடிச்சுப் பாக்கக் கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா கனெக்டிங் ராடு வளஞ்சுடும். ஆல்டர்னேட்டர காய வச்சு, மெகர் வச்சு இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாத்து, டீசல வடிச்சு மாத்தி அப்பறம்தான். மழைக்கு பயந்து ஜெனரேட்டர தூக்கிட்டு வந்து மூடுன மாடிப்படிக்கு அடில வச்சு ஓட்டறதும் வேணாம், அந்தப் புகைல வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே ஆள கொன்னுடும்.

—

நெத்திமேடு_குரல்:

எல்லாரும் நல்லா விளக்கறீங்க, நான் மறுக்கல. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. புகுஷிமால 5.7 மீட்டர்னு கணக்கு போட்டது தெரியாம செஞ்ச தப்பு மட்டும் இல்ல. 2008லயே அந்த நிலையத்த நடத்துன கம்பெனிக்குள்ள நடந்த கணக்குல 15.7 மீட்டர் வரைக்கும் வரலாம்னு வந்துச்சு. பேப்பர்ல இருந்துச்சு, சுவர் எழும்பல. 2012ல ஜப்பான் நாடாளுமன்றம் அமைச்ச விசாரணைக் குழுவே இது மனுஷன் உண்டாக்குன பேரழிவுன்னு எழுதுச்சு.

நான் 2011, 2012ல கூடங்குளம் உலைக்கு எதிரா போராட்டம் நடந்த இடிந்தகரைக்கு போயிருந்தேன். அங்க மீனவப் பொம்பளைங்க கேட்டதும் அக்கா கேட்ட இதே கேள்விதான். அவங்களுக்கு பதில் சொல்ற விதத்துலதான் பிரச்சினை இருந்துச்சு, புரியாதவங்கன்னு ஒதுக்கிட்டாங்க. அதே 2012ல தான் தலைமை கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் வந்துச்சு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு சட்டப்படி தன்னிச்சையான அந்தஸ்து இல்லன்னு அதுல சொன்னாங்க. இஞ்சினியர் கணக்கு சரியா இருந்தா மட்டும் போதாது, அந்த கணக்க தப்புன்னு சொல்றதுக்கு பயப்படாத ஒருத்தர் வேணும். கல்பாக்கத்துல 2004ல என்ன நடந்துச்சுன்னு அக்காவுக்கு யாராவது முழுசா சொல்லுங்க.

—

மேட்டூர்_ஓய்வு:

தம்பி சொன்னத நான் முழுசா ஒத்துக்கறேன். பேட்டரி ரூம்ல குறை எழுதுனா மேல இருக்கவங்க மொகம் சுளிச்ச நாளெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கு.

கல்பாக்கம் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலைல. கடலுக்கு அடில அரை கிலோமீட்டர் கிட்ட நீளமா ஒரு சுரங்கம் வழியாத்தான் நிலையத்துக்கு தண்ணி வருது. சுனாமி வந்தப்ப அந்த வழியாவே தண்ணி ஏறி பம்பு ஹவுஸ்குள்ள பூந்துடுச்சு, டர்பைன் நீராவிய குளிர வைக்கற கண்டென்சருக்கு தண்ணி தர்ற பம்பு நின்னுச்சு. 1வது யூனிட் ஏற்கனவே பெரிய பராமரிப்புக்கு நிறுத்தி இருந்துச்சு, 2வது ஓடிட்டு இருந்துச்சு, அத பாதுகாப்பா நிறுத்திட்டாங்க. வெளிக் கரண்ட் போகல, டீசல் ஜெனரேட்டர் இருந்த எடத்துக்கு தண்ணி ஏறல. ஒரு வாரத்துல திரும்ப ஓட்டுனாங்க. ஆனா பக்கத்துல புதுசா கட்டிட்டு இருந்த ஈனுலையோட (ப்ரீடர் ரியாக்டர்) அஸ்திவாரக் குழி முங்கிடுச்சு, டவுன்ஷிப்ல குடும்பங்கள்ல உயிர் போச்சு. உலை தப்பிச்சுதுன்னு சொல்றப்ப அத சேத்து சொல்லணும்.

கடல்ன்னு இல்லாம ஏரித்தண்ணியும் உண்டு. 1994 ஜூன்ல குஜராத் காக்ராபார் அணுமின் நிலையத்துப் பக்கம் பேய் மழை, பக்கத்துல இருக்கற மோட்டிச்சேர் ஏரியோட கேட்ட திறக்க முடியல, தண்ணி தேங்கி எதிர்த்து ஏறி டர்பைன் கட்டடத்துக்குள்ள வந்துடுச்சு. உலை அப்ப நின்னுட்டு இருந்ததால தப்பிச்சுது. மேட்டூர்ல 120 அடி தண்ணிக்கு பக்கத்துல வேலை பாத்தவன் நான், ஷட்டர் கிரீஸ் காஞ்சு போயிருக்கான்னு பாக்கற ஆளோட வேலை எவ்ளோ பெருசுன்னு எனக்கு தெரியும்.

இப்ப அந்த சிலிண்டருக்கு வரேன். கூடங்குளத்துல ஒரு யூனிட்டுக்கு நாலு டீசல் ஜெனரேட்டர், கடல்மட்டத்துல இருந்து 9.3 மீட்டர்ல வச்சிருக்காங்க. அதுக்கும் மேல, கரண்டே வேணாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. உலைச் சூட்டுல வர்ற நீராவி தானா மேல ஏறி, கட்டடத்துக்கு வெளிய இருக்கற குழாய்ல காத்து பட்டு குளிர்ந்து, தண்ணியாகி தானா கீழ எறங்கும். பம்பு இல்ல, டீசல் இல்ல. அதுதான் அங்க உங்க சிலிண்டர் மாதிரி. கல்பாக்கத்துல நான் சொன்ன அந்த 1வது, 2வது யூனிட் பழைய டிசைன், அதுல இந்த ஏற்பாடு இல்ல. ஆனா அங்கயும் தண்ணி மட்டும் வெளிய இருந்து கொண்டுவந்து குடுத்தா, தானா சுத்தற சுழற்சில சூட்டக் கழிக்க முடியும், நரோரால பாத்தது அதுதான். புகுஷிமாவுக்கு அப்பறம் நம்ம நிலையங்கள்ல வெளிய இருந்து தீயணைப்பு வண்டி ஹோஸ் மாட்டி உள்ள தண்ணி விடறதுக்கு இணைப்பு வச்சாங்க, நகர்த்தற ஜெனரேட்டரும் வாங்குனாங்க.

—

காபித்தோட்டம்:

நான் ஏற்காட்டுல இருந்து எழுதறேன். நகர்த்தற ஜெனரேட்டர்னு சார் சொன்னாரு, அது நகர்றதுக்கு ரோடு வேணுமே.

அதே பெஞ்சல் மழைல அடிவாரத்துல இருந்து வர்ற கொண்டை ஊசி ரோட்டுல மண் சரிஞ்சு பாறை விழுந்து போக்குவரத்து நின்னுச்சு. எங்க எஸ்டேட் ஜெனரேட்டர் முங்கல, மேட்டுலதான் இருக்கு, ஜம்முனு ஓடுச்சு. ஆனா கேன்ல இருந்த டீசல் ரெண்டாம் நாள் சாயங்காலம் தீந்துபோச்சு. குப்பனூர் வழியா சுத்தி போலாம்னு ஆள அனுப்புனா அந்தப் பக்கமும் மரம் விழுந்து கெடக்கு. லைன் வீட்டுல ஒரு கைக்குழந்தை, காய்ச்சல், நெபுலைசர் வைக்க கரண்ட் இல்ல, அந்த ராத்திரிய இன்னும் மறக்க முடியல. விடிஞ்சு ரெண்டு பேரு குழந்தைய தூக்கிட்டு சரிவு தாண்டி நடந்தே எறங்குனாங்க.

புகுஷிமால ஜெனரேட்டர் லாரிங்க கெளம்புச்சு, ரோடு ஒடஞ்சு, ட்ராஃபிக்ல மாட்டிக்கிச்சு. ஹெலிகாப்டர்ல தூக்கலாம்னா எடை தாங்கல. பிரான்ஸ்ல 1999 டிசம்பர் 27 ராத்திரி புயல்ல ப்ளேயேங்கற நிலையத்துல ஆத்து முகத்துவாரத்துத் தண்ணி கரைய தாண்டி உள்ள வந்து சில பம்பு முங்குச்சு, அப்பவும் நிலையத்துக்கு போற ரோடே தண்ணிக்கு அடில, மாத்து ஆளுங்க உள்ள போக முடியல. புகுஷிமாவுக்கு அப்பறம் பிரான்ஸ்காரங்க எந்த நிலையத்துக்கும் 24 மணி நேரத்துக்குள்ள ஆளும் சாமானும் கொண்டுபோற மாதிரி தனிப்படையே வச்சுட்டாங்க. அமெரிக்கால மெம்பிஸ், பீனிக்ஸ்னு ரெண்டு ஊர்ல பம்பும் ஜெனரேட்டரும் சேத்து வச்சு, எந்த பிளாண்ட்டுக்கும் எடுத்துட்டு போக தயாரா இருக்காங்க. அக்கா தம்பிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி என்னைய பொறுத்தவரை, ரோடு போனா எத்தனை நாளைக்கு தாங்குவீங்கங்கறதுதான்.

—

மணிமுத்தாத்துக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி இந்த பதில் எல்லாத்தையும் அப்பாவுக்கு படிச்சுக் காட்டுனேன். அந்த கார் பேட்டரி கழட்டுன எடத்துல நிறுத்துடான்னு கைய காட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. எஸ்டேட் குழந்தை இப்ப எப்படி இருக்குன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு.

தம்பிகிட்டயும் பேசிட்டேன். அவன் வேலை வேற செக்ஷன், ஜெனரேட்டர் பக்கம் போனதில்லன்னான். ஆனா சேஃப்டி மீட்டிங்குல கேள்வி கேக்கலாமாம், ரோடு கேள்வியையும் கேபிள் வழி கேள்வியையும் எழுதி வாங்கிக்கிட்டான். காண்ட்ராக்ட்காரன் கேட்டா பதில் வருமான்னு கேட்டேன். கேட்டாத்தான் அக்கா தெரியும்னு சொன்னான்.

இங்க அபார்ட்மெண்ட்ல மீட்டிங் போட்டோம். ஜெனரேட்டர மூணடி மேடைக்கு தூக்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, பேனல மொத மாடி படிக்கட்டு சுவருக்கு மாத்தணும்னு நான் சொன்னப்ப கேபிள் செலவு அதிகம்னு ரெண்டு வீட்டுக்காரங்க இழுத்தாங்க. இன்ஜின் ஓடியும் கரண்ட் வராத கதைய சொன்னேன், சரின்னுட்டாங்க. எங்க வீட்டுக்கு தனியா ஒரு சிலிண்டரும் வாங்கி வச்சுட்டோம். வர்ற சனிக்கிழமை முழு லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்கணும்னு இருக்கோம். டீசல்கை தம்பி, உங்களால வர முடியுமா?

—

காபித்தோட்டம்:

குழந்தை நல்லா இருக்கான் அக்கா, நடக்க ஆரம்பிச்சுட்டான். அப்பாகிட்ட சொல்லுங்க.

—

டீசல்கை:

வரேன் அக்கா. காலைல ஏழு மணிக்கு வந்துடறேன், மெகர் எடுத்துட்டு வரேன். லிஃப்ட், போர் மோட்டர் எல்லாம் ஒண்ணா போட்டு பாக்கணும், வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க. ட்ரெஞ்சு மூடிய யாரும் அதுக்குள்ள சிமெண்ட் போட்டு அடச்சுட வேணாம், தண்ணி எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு நான் மொதல்ல பாக்கணும்.